விட்டுப்போன ஒரு வாக்கியம்

என் கணவருக்குக் கண் ஒரேயடியாகப் போய்விடவில்லை. முதலில் ஒரு கண்ணில் கரும்புள்ளிகள் மிதந்தன. கொசு என்று நினைத்துக் கையால் தட்டினார். அந்தக் கண் போன பிறகு மற்றக் கண் கொஞ்ச காலம் ஒப்பேற்றியது. அதுவும் போனது. சீனி வியாதி செய்த வேலை என்று டொக்டர் சொன்னார். அன்றைக்கு வீட்டுக்கு வந்து கட்டிலில் உட்கார்ந்தவர்தான், அதற்குப் பிறகு பேச்சையும் நிறுத்திக்கொண்டார்.

நிறுத்தினார் என்றால் ஊமையாகிவிடவில்லை. சோறு, சுடுதண்ணி, உடுத்தச் சாரம் என்று வேண்டியதைக் கேட்பார். அதற்கு மேல் ஒரு சொல் வராது. யாராவது பார்க்க வந்தால் சுவர்ப்பக்கம் திரும்பிப் படுத்துக்கொள்வார். கோயில் திருவிழா வந்தால் மைக்கை ஒருத்தரிடமும் கொடுக்காத மனிதர் அவர். கண் போனதைக்கூட நான் எப்படியோ மனதில் வாங்கிக்கொண்டேன். அந்த வாய் மூடிக்கிடந்ததுதான் எனக்குப் பொறுக்கவில்லை. ஒரு அறையும் ஒரு குசினியும் உள்ள வீட்டில் பேசாத மனிதரோடு இருந்து பாருங்கள், அப்போது தெரியும். அவரைத் திரும்பப் பேச வைக்க வேண்டும் என்பதைத் தவிர அந்த வருஷம் எனக்கு வேறு நினைப்பே இல்லை.

எங்கள் தோட்டம் கொடகவெலயிலிருந்து மேலே ஏறும் பாதையில் இருக்கிறது. பாதி றப்பர், பாதி தேயிலை. நாங்கள் குடியிருக்கும் லயங்கள் கொஞ்சம்தான், சுற்றிவரச் சிங்களக் கிராமம். அவர் றப்பர் ஸ்டோரில் பாலை உறைய வைத்துத் தகடாக்கும் இடத்தில் வேலை செய்தார். நான் பிள்ளைக்காம்பராவில் இருக்கிறேன். கொழுந்துக்கும் பால்வெட்டுக்கும் போகிற பெண்கள் விட்டுவிட்டுப் போகும் குழந்தைகளைப் பார்த்துக்கொள்வது என் வேலை. அழுகிற குழந்தையின் வாயை மூடுவது எனக்குக் கைவந்த கலை. மூடிய வாயைத் திறப்பது எப்படி என்று யாரும் சொல்லித்தரவில்லை.

வழி சொன்னவள் என் மகள். அவள் இரத்தினபுரியில் ஒரு கொமினிகேஷன் கடையில் வேலை செய்கிறாள். பகல் முழுக்கக் கணினி முன்னால்தான் இருப்பாள். இணையத்தில் எல்லாரும் சேர்ந்து எழுதுகிற கலைக்களஞ்சியம் ஒன்று இருக்கிறதாம். அதிலுள்ள தமிழ்க் கட்டுரைகளைச் சிலர் சம்பளமில்லாமல் வாசித்து, குரலாகப் பதிந்து, கட்டுரையோடு சேர்க்கிறார்களாம். கண் தெரியாதவர்களும் வாசிக்கத் தெரியாதவர்களும் கேட்பதற்கு. அந்தக் குழுவில் என்னையும் சேர்த்துவிட்டதாகச் சொன்னாள். என்னைக் கேட்டுவிட்டுச் சேர்க்கவில்லை, சேர்த்துவிட்டுத்தான் சொன்னாள். யாருடைய பிள்ளை?

எனக்கு எதற்கடி இந்த வேலை என்று கேட்டேன். பள்ளிக்கூடத்தில் எந்த விழாவென்றாலும் என்னைத்தானே வாசிக்க விடுவார்கள் என்று என் பழைய பெருமையையே எடுத்து என் முன்னால் வைத்தாள். பிறகு குரலைத் தாழ்த்தி, "நீங்க வீட்டுலயே வாசிங்கம்மா. அப்பா காதுல விழட்டும்" என்றாள். அதற்கு மேல் நான் மறுக்கவில்லை.

வாசிப்பதற்குச் சில விதிகள் இருந்தன. முதலில் தலைப்பைச் சொல்ல வேண்டும். எந்தத் தேதியில் இருந்த கட்டுரை என்று சொல்ல வேண்டும், ஏனென்றால் நாளைக்கே யாராவது அதைத் திருத்திவிடலாம். அடிக்குறிப்பு எண்களை வாசிக்கக் கூடாது. முக்கியமானது, உள்ளதை உள்ளபடி வாசிப்பது. ஒரு சொல்லைக் கூட்டவும் கூடாது, ஒன்றை விடவும் கூடாது. இதையெல்லாம் பார்த்துக்கொண்டவர் வவுனியாப் பக்கத்து ஆசிரியை ஒருவர். நான் அவரை இதுவரை நேரில் கண்டதில்லை. குரல்செய்தி அனுப்புவார், நாங்களும் குரலிலேயே பதில் போடுவோம். ஒவ்வொரு பதிவையும் கட்டுரையைக் கண் முன்னால் வைத்துக்கொண்டு கேட்பார் போலிருக்கிறது. பேச்சு பஞ்சுபோல இருக்கும், ஆனால் ஒரு கொசுவின் சத்தத்தைக்கூட மன்னித்து விடமாட்டார்.

நான் முதலில் அனுப்பியது எறும்பைப் பற்றிய கட்டுரை. அது திரும்பி வந்தது. பின்னால் அடுத்த வீட்டு டீவி நாடகத்தில் ஒரு மாமியார் அழுதுகொண்டிருந்தாள். இரண்டாவது தடவை மழை. எங்கள் பக்கத்தில் மழை பெய்தால் தகரக்கூரையின் கீழே கட்டிய கணவனோடு பேசுவதற்கே கத்த வேண்டும். பிறகு மழை விட்ட பின்னேரமாகப் பார்த்து, கதவைச் சாத்தி, போனைக் கம்பளிக்குள் வைத்து, மகள் அச்செடுத்துத் தந்த தாளைப் பார்த்து வாசித்தேன். அவர் கட்டிலில் சுவரைப் பார்த்துப் படுத்திருந்தார். எறும்பு போனது, சந்திரன் போனது, நீராவி எந்திரமும் போனது. அவர் அசையவில்லை. நான் வாசித்தது உலகத்துக்கே கேட்டிருக்கும், இந்த ஒரு மனிதருக்கு மட்டும் கேட்கவில்லை என்று எனக்குக் கோபம் கோபமாக வந்தது.

றப்பர் மரம் கட்டுரையில்தான் அது நடந்தது. அந்த மரம் தென் அமெரிக்காக் காட்டிலிருந்து வந்தது என்று வாசித்தேன். கட்டிலிலிருந்து, "பொய்" என்று ஒரு குரல்.

தாளிலிருந்து கண்ணை எடுக்காமல், என்ன பொய் என்று கேட்டேன். றப்பர் மலாயாவிலிருந்து வந்தது, வெள்ளைக்காரன் கப்பலில் கொண்டுவந்தான், ஸ்டோரில் பழைய ஆட்கள் எல்லாருக்கும் இது தெரியும் என்றார். அத்தனை மாதமாகச் சேர்த்து வைத்ததையெல்லாம் அந்த றப்பர் மேல் கொட்டினார். நான் கட்டுரையில் உள்ளதைத் திரும்ப வாசித்தேன். எழுதியவனுக்கு றப்பர் மரத்துக்கும் பலா மரத்துக்கும் வித்தியாசம் தெரியுமா என்று கேட்டார். மகளுக்குப் போன் போட்டு விசாரித்ததில் கட்டுரைதான் சரி என்று தெரிந்தது. மூஞ்சியைத் தூக்கி வைத்துக்கொண்டார். எனக்கோ சந்தோஷத்தில் சோறு இறங்கவில்லை. தோற்றுப் போன ஆம்பிளையின் வாய் மூடியிருக்காது என்று எனக்குத் தெரியும்.

நான் நினைத்தபடியேதான் நடந்தது. அடுத்த கட்டுரையில் என் வாசிப்பிலேயே குறை கண்டுபிடித்தார். பெரட்டுக்களத்தில் பேர் கூப்பிடுகிற மாதிரி வாசிக்கிறேனாம், காலையில் வேலைக்கு ஆள் பிரிக்கிற கணக்கப்பிள்ளையே என்னைவிட உருக்கமாக வாசிப்பாராம். எனக்குச் சுள்ளென்று வந்தது. "அப்ப நீங்களே வாசிங்க" என்று சொல்லிவிட்டேன். சொன்ன பிறகுதான் நாக்கைக் கடித்தேன். கண்ணில்லாத மனிதரைப் பார்த்துச் சொல்கிற சொல்லா அது? போச்சு, இனிமேல் மறுபடி சுவர்ப்பக்கம்தான் என்று நினைத்தேன்.

அவர் கட்டிலில் எழுந்து உட்கார்ந்தார். பிறகு, "நீ மெதுவா சொல்லு. நான் சத்தமா சொல்றேன்" என்றார்.

அப்படித்தான் எங்கள் தொழில் தொடங்கியது. நான் அவர் காதுக்குப் பக்கத்தில் இருந்து ஒரு துண்டு வாசிப்பேன். அவர் அதைத் தன் குரலில் சொல்வார். என் முணுமுணுப்பை மகள் கடைக் கணினியில் வெட்டி எடுத்துவிட்டு, அவர் குரலை மட்டும் ஒட்டி அனுப்புவாள். வீட்டில் சத்தம் சரிவராததால் பிள்ளைக்காம்பராவுக்குப் போனோம். பின்னேரம் தாய்மார் வந்து பிள்ளைகளைத் தூக்கிக்கொண்டு போன பிறகு அந்த இடம் அடங்கிவிடும். கூரைக்குக் கீழே பலகை அடித்திருப்பதால் மழைச்சத்தம் குறைவு. உத்தரத்திலிருந்து சேலைத் தொட்டில்கள் தொங்குவதால் எதிரொலியும் இல்லை. இப்படி ஒரு அறையைக் கொழும்பில் காசு கொடுத்துக் கட்டுகிறார்கள் என்று மகள் சொன்னாள். அந்தத் தொட்டில்களுக்கு நடுவில் ஒரு வாங்கைப் போட்டு நாங்கள் இருவரும் உட்கார்ந்துகொள்வோம்.

அங்கே போக வேண்டுமென்றால் லயத்து வாசலைத் தாண்டி, பெரட்டுக்களத்தைக் கடந்து போக வேண்டும். முதல் நாள் என் தோளைப் பிடித்துக்கொண்டு தலையைக் குனிந்தபடியே வந்தார். எதிரில் வந்தவர்கள் பேச்சுக் கொடுத்தபோது பதில் சொல்லவில்லை. போகப் போக, "ஆமா, வேல இருக்கு" என்று மட்டும் சொல்லத் தொடங்கினார். என்ன வேலை என்று அவர்கள் என்னிடம் கேட்டார்கள். நானும் அதற்கு மேல் சொல்லவில்லை, அவர்கள் மண்டையைக் குடையட்டும் என்று விட்டுவிட்டேன்.

அவர் குரலில் போன முதல் கட்டுரையைக் கேட்டுவிட்டு ஆசிரியை குழம்பிப்போய் ஒரு செய்தி அனுப்பினார். வாசிப்பு கம்பீரமாக இருக்கிறது, ஆனால் ஒவ்வொரு பத்தி முடிவிலும் சிங்களத்தில் ஏதோ வருகிறதே, அது என்ன என்று கேட்டார். எனக்கே அப்போதுதான் உறைத்தது. எங்கள் திருவிழாவுக்குக் கிராமத்துச் சிங்களச் சனமும் திரண்டு வரும். அதனால் மைக்கில் எதைச் சொன்னாலும் தமிழில் ஒரு தடவை, சிங்களத்தில் ஒரு தடவை சொல்வது அவர் வழக்கம். தேர் புறப்படுகிறது என்றாலும் சரி, செருப்பைக் காணவில்லை என்றாலும் சரி. அதே பழக்கத்தில் தேனீயைப் பற்றித் தமிழில் சொல்லிவிட்டு, மூச்சு விடாமல் அதைச் சிங்களத்திலும் சொல்லியிருக்கிறார். பக்கத்தில் உட்கார்ந்திருந்த எனக்கும் அது வித்தியாசமாகத் தெரியவில்லை, மகளுக்கும் தெரியவில்லை. வவுனியாவில் இருந்தவருக்குத்தான் தெரிந்திருக்கிறது. அந்தப் பழக்கத்தை விடுவிக்க நான் பட்ட பாடு கொஞ்சமல்ல. பத்தி முடிந்ததும் அவர் தொடையில் ஒரு கிள்ளு கிள்ளுவேன்.

அவருக்குக் கண் தெரியாது என்பதை ஆசிரியைக்குச் சொல்லக் கூடாது என்று சொல்லியிருந்தார். இரக்கப்பட்டுக் குரலை எடுத்துக்கொள்வார்கள், அது தனக்கு வேண்டாம் என்றார். அதனால்தான் அந்தக் கட்டுரை எங்களுக்கு வந்தது. மருத்துவக் கட்டுரைகளுக்குக் கணீரென்ற ஆண்குரல் வேண்டும் என்று சொல்லி, சீனி வியாதியால் விழித்திரை கெடுவதைப் பற்றிய கட்டுரையை ஆசிரியை எங்களுக்கு ஒதுக்கினார். செய்தி குரலில் வந்ததால் பக்கத்தில் இருந்த அவரும் கேட்டுவிட்டார். வேறு ஆளுக்குக் கொடுக்கச் சொல்லலாம் என்றேன். "செய்வோம்" என்றார்.

இங்கே ஒன்றைச் சொல்லிவிட வேண்டும். அவருக்குச் சீனி இருக்கிறது என்று தெரிந்தபோதே கண்ணைக் காட்டச் சொல்லித் தோட்டத்து டிஸ்பென்சரியில் துண்டுச்சீட்டு எழுதிக் கொடுத்தார்கள். திருவிழா முடியட்டும் என்றார். திருவிழா முடிந்ததும் ஸ்டோரில் வேலை அதிகம் என்றார். நான் நச்சரித்தால், "எனக்கென்ன, நல்லாத்தான தெரியுது" என்று தூரத்து மலையில் மேய்கிற மாட்டின் நிறத்தைச் சொல்லிக் காட்டுவார். அந்தத் துண்டு சாமிப் படத்துக்குப் பின்னால் கிடந்து மக்கியது.

அன்றைக்கு அவர் நன்றாகவே வாசித்தார். விழித்திரையில் மெல்லிய இரத்தக் குழாய்கள் இருப்பதும், சீனி கூடினால் அவை கசிவதும் வந்தபோது, "அப்பிடியா" என்று இடையில் தனக்குத்தானே கேட்டுக்கொண்டார். வாசிக்கிறவரின் கண் வாய்க்கு முன்னால் ஓடும். மூன்றாம் பத்தியின் நடுவில் அடுத்து என்ன வருகிறது என்று என் கண் பார்த்துவிட்டது. "ஆரம்பத்திலேயே கண்களைப் பரிசோதித்துச் சிகிச்சை பெற்றால், பெரும்பாலானோரின் பார்வை இழப்பைத் தடுக்க முடியும்." அதை அந்தக் காதுக்குள் என்னால் சொல்ல முடியவில்லை. அடுத்த வாக்கியத்துக்குத் தாவினேன். அவரும் சந்தேகமில்லாமல் அதைச் சொன்னார். பத்தி முடிந்தது. தொடையைக் கிள்ளக்கூட மறந்துவிட்டேன்.

பதிவு போய்ச் சேர்ந்தது. கட்டுரைக்கு ஒன்றும் குறைந்துவிடாது, எழுத்தில் இருக்கத்தானே செய்கிறது என்று எனக்கு நானே சமாதானம் சொல்லிக்கொண்டேன். ஆசிரியையின் காதை மறந்து போனேன். சில நாள் கழித்து நான் ரொட்டிக்கு மா பிசைந்துகொண்டிருந்தபோது குரல்செய்தி வந்தது. கையெல்லாம் மா. சுண்டுவிரலால் அமுக்கினேன். போன் உரக்கப் பேசியது. மூன்றாம் பத்தியில் ஒரு வாக்கியம் விடுபட்டிருக்கிறது, கட்டுரையிலேயே முக்கியமான வாக்கியம் அதுதான், அதை மட்டும் சொல்லி அனுப்பினால் போதும் என்று ஆசிரியை மிகவும் பணிவாகச் சொன்னார்.

என்ன வாக்கியம் என்று கட்டிலிலிருந்து அவர் கேட்டார். அந்த இடத்தில் மழைச்சத்தம் விழுந்திருக்கும் என்று வாய்க்கு வந்ததைச் சொன்னேன். விடுபட்டது என்றுதானே சொன்னார்கள் என்றார். நான் மாவை ஓங்கி ஓங்கிக் குத்தினேன். இரவு அவர் ரொட்டியைத் தின்றுவிட்டுச் சுவர்ப்பக்கம் திரும்பிப் படுத்தார். ஒரு வாக்கியத்தை மறைக்கப் போய், பாடுபட்டுத் திறந்த வாயை நானே மூடிவிட்டேன் என்று நினைத்தேன். அந்த ஆசிரியை மேல் எனக்கு வந்த கோபத்தைச் சொல்லி முடியாது. பாவம், அவர் என்ன செய்வார்.

மறுநாள் பின்னேரம் வேலை முடித்து நான் வந்தபோது அவர் சட்டை போட்டுக்கொண்டு வாசலில் நின்றார். என் தோளைப் பிடித்தார். பிள்ளைக்காம்பராவில் வழக்கமான வாங்கில் உட்கார்ந்து, "சொல்லு" என்றார்.

வேண்டாம், அதை வேறு யாராவது வாசிக்கட்டும் என்றேன்.

"கிளினிக்குக்குப் போகாம இருந்தது நான்தான். அத நீ ஏன் முழுங்குற?" என்றார். சத்தம் போடவில்லை, சாதாரணமாகத்தான் கேட்டார். நான் அழுதேன். அழுது முடிக்கும் வரைக்கும் என் தோளில் இருந்த கையை அவர் எடுக்கவில்லை. முடிந்ததும், "கேக்குற ஆளுக்கு அதுதான் வேணும். மத்ததெல்லாம் சும்மா கத. சொல்லு" என்றார்.

துண்டு துண்டாகச் சொன்னேன். அவர் திருப்பிச் சொன்னார். முதல் தடவை 'தடுக்க' என்ற இடத்தில் குரல் உடைந்தது. இருமிச் சரி செய்துகொண்டு மறுபடி சொன்னார். அப்போது வெளியே ஒரு த்ரீவீல் உறுமிக்கொண்டு ஏறியது. அது போகும் வரை காத்திருந்து, மூன்றாம் தடவை ஒரு பிசிறில்லாமல் சொல்லி முடித்தார். நான் போனை நிறுத்தினேன். இனி என்ன ஆகுமோ என்று அவர் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தேன்.

"நீ கடைசியா எப்ப ரத்தம் பாத்த?" என்று கேட்டார்.

என்னைத்தான் கேட்கிறார் என்று புரியவே கொஞ்ச நேரமானது. என் அம்மாவுக்கும் சீனி இருந்தது. கால் புண் ஆறாமல்தான் போய்ச் சேர்ந்தார். அது அவருக்கும் தெரியும்.

"எனக்கென்ன, நல்லாத்தான இருக்கேன்" என்றேன்.

"நானும் அதத்தான் சொன்னேன்" என்றார்.

டிஸ்பென்சரியில் இரத்தம் சோதித்துப் பார்த்தேன். சீனி இருந்தது. கூடுதலாக இல்லை, ஆனால் எவ்வளவு நாளாக இருக்கிறது என்று சொல்ல முடியாது, அதனால் கண்ணையும் காட்டிவிடச் சொல்லி எம்பிலிப்பிட்டிய ஆஸ்பத்திரிக்கு எழுதிக் கொடுத்தார்கள். அந்தத் துண்டைச் சாமிப் படத்தின் பக்கமே போக விடாமல் அவர் தன் சட்டைப் பையில் வைத்துக்கொண்டார். தனியாகப் போய்வருகிறேன், கண் தெரியாமல் பஸ்ஸில் அலைய வேண்டாம் என்று எவ்வளவோ சொன்னேன். கேட்கவில்லை. கண் போன பிறகு தோட்டத்தை விட்டு அவர் வெளியே போனது அதுதான் முதல்.

கிளினிக்கில் சரியான சனக்கூட்டம். எல்லாரும் அவரைத்தான் நோயாளி என்று நினைத்து வழி விட்டார்கள். நர்ஸ் அவரை உள்ளே கூப்பிட்டபோது, தான் துணைக்கு வந்த ஆள், பார்க்க வேண்டியது இவளுக்கு என்று என்னைத் தள்ளிவிட்டார். என் கண்ணில் சொட்டு மருந்து விட்டு, வெகு நேரம் உட்கார வைத்து, பிறகு விளக்கடித்துப் பார்த்தார்கள். ஒரு கண்ணில் சின்னதாகத் தொடக்கம் தெரிகிறது, பயப்பட ஒன்றுமில்லை, சீனியைக் கட்டுப்படுத்திக்கொண்டு தவறாமல் வந்து காட்டினால் பார்வைக்கு ஒன்றும் ஆகாது என்று டொக்டர் சிங்களத்தில் சொன்னார். வெளியே வந்து அதை அப்படியே அவரிடம் சொன்னேன், ஒரு சொல்லும் விடாமல். தலையை ஆட்டிக்கொண்டே கேட்டார். எழுந்தவர் வாங்கின் கைப்பிடியை விட்டுவிட்டு என் கையைத் தேடினார்.

மருந்து விட்டதில் எனக்கு வெயில் கூசியது. பஸ் ஸ்டாண்டில் பஸ்கள் எல்லாம் சிவப்பும் நீலமுமாகக் கரைந்து நின்றன, ஒரு போர்டையும் வாசிக்க முடியவில்லை. அதைச் சொன்னேன். கொஞ்சம் யோசித்தார். பிறகு என் கையைப் பிடித்தபடியே நிமிர்ந்து நின்று, அந்த ஸ்டாண்ட் முழுக்கக் கேட்கும்படி, எங்கள் இரண்டு பேருக்கும் கண் தெரியாது, கொடகவெல பஸ் எது என்று கேட்டார். எனக்கு வெட்கமாகப் போனது. எங்கிருந்தோ ஒரு கொண்டக்டர் ஓடிவந்து எங்களைக் கூட்டிக்கொண்டு போய் முன் சீட்டில் உட்கார வைத்தார்.

பஸ் கிளம்பியதும் அவர் பக்கத்து சீட்டுக்காரரோடு பேச்சை ஆரம்பித்தார். மழை, றப்பர் விலை, மனைவியின் கண் என்று எல்லாவற்றையும் பேசினார். அந்த மனிதருக்குச் சீனி இருக்கிறதா என்று கேட்டார், இருந்தால் கண்ணைக் காட்டியாகிவிட்டதா என்றும் கேட்டார். நான் கூசுகிற கண்ணை மூடிக்கொண்டு, கொடகவெல வரும் வரைக்கும் அதைக் கேட்டுக்கொண்டே வந்தேன்.